ஹைகன்ஸ்: கவிதைக்குத் திரும்பிய அரசியல்வாதியா, அரசு வேலை பார்த்த கவிஞரா?

செங்கால்நாரை:

பிளஸ் டூ இயற்பியலில் 'ஹைகன்ஸ் தத்துவம்' படித்தவர்களுக்கு கிறிஸ்டியான் ஹைகன்ஸைத் தெரிந்திருக்கும். ஒளி அலை, ஊசல் கடிகாரம், சனிக் கிரகத்தின் டைட்டன் நிலவு எல்லாம் அவர் பேரில்தான். நான் பேச வந்தது அவருடைய அப்பா கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸைப் பற்றி. நெதர்லாந்தில் மகனுக்கு இணையாக, இலக்கியம் படிப்பவர்களிடம் மகனைவிட ஒரு படி மேலாகவே, பேசப்படுகிற ஆள்.

1596 செப்டம்பர் 4 அன்று ஹேக் நகரில் பிறந்தார். அப்பா அரசவைச் செயலர். வீட்டிலேயே லத்தீன், பிரெஞ்சு, இசை என்று செதுக்கி வளர்த்த பிள்ளை. லெய்டனில் சட்டம் படித்தார். 1618-ல் முதல் முறை இங்கிலாந்து போனபோது அரசர் முதலாம் ஜேம்ஸ் முன்னால் லூட் என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்துக் காட்டினார். 1620-ல் வெனிஸுக்குத் தூதுக்குழுவோடு போனார், அப்புறம் மறுபடி லண்டன். 1622-ல் அதே ஜேம்ஸ் அவருக்கு நைட் பட்டம் கொடுத்தார். 1625-ல், நெதர்லாந்துப் படைக்குத் தலைமை தாங்கிய ஆரஞ்சு குடும்பத்து இளவரசர் பிரடெரிக் ஹென்ட்ரிக்கின் செயலர் ஆனார். அதிலிருந்து 1687-ல் தொண்ணூறு வயதில் சாகும்வரை அந்தக் குடும்பத்துக்குத்தான் உழைத்தார். இளவரசர் போனார், அவர் மகன் வந்தார், அவரும் போய்ப் பேரன் வந்தார். ஹைகன்ஸ் மட்டும் இருந்தார்.

இவரைப் பற்றித் தமிழில் தேடினால் 'அரசியலிலிருந்து கவிதைக்குத் திரும்பியவர்' என்கிற மாதிரி ஒரு வரி கண்ணில் படுகிறது. எனக்கு அது தப்பாகப் படுகிறது. திரும்பினார் என்றால் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போயிருக்க வேண்டும். இவர் எதையும் விடவில்லை. முற்றுகைக் கூடாரத்தில், படகில், வண்டிப் பயணத்தில் என்று எழுதிக்கொண்டே இருந்தார். கையெழுத்துப் பிரதிகளில் கவிதைக்குக் கீழே தேதி போடுவது அவர் வழக்கம், பல இடங்களில் ஊர்ப் பெயரும் இருக்கும். கோப்பில் கையெழுத்துப் போடுகிறவரின் பழக்கம் கவிதையிலும் தொற்றிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

படித்தவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள்.

பழுப்பேடு:

நல்ல இழை. ஆனால் நான் மாறுபடுகிறேன் நாரை.

அவரே தன் கவிதையை எப்படி அழைத்தார் என்று பாருங்கள். 1625-ல் வந்த முதல் பெரிய தொகுப்புக்கு லத்தீனில் 'ஓய்வுநேரங்கள்' என்று பொருள்படும் பெயர். 1658-ல் வந்த தொகுப்புக்கு 'கோரன்-புளூமன்', அதாவது தானிய வயலில் ஊடே முளைக்கிற நீலப் பூ. உழவனுக்கு அது களை. வயல் என்பது உத்தியோகம், பூ என்பது கவிதை. தானே இப்படிச் சொல்லிவிட்ட ஒருவரை நாம் ஏன் வலுக்கட்டாயமாக முழுநேரக் கவிஞர் ஆக்க வேண்டும்?

இன்னொன்று. 1625 ஏப்ரலில் பிரடெரிக் ஹென்ட்ரிக்கின் அண்ணன், இளவரசர் மொரிட்ஸ் இறந்தார். ஹைகன்ஸ் உடனே ஒரு கவிதை எழுதினார், மாலுமிகள் கொச்சைப் பேச்சில் பேசிக்கொள்வது போல. பழைய மாலுமி போய்விட்டான், இனி தம்பி ஹென்ட்ரிக் சுக்கானைப் பிடிப்பான், கப்பலுக்குப் பயமில்லை என்பதுதான் சாரம். நல்ல கவிதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டில் அந்தத் தம்பியிடமே செயலர் வேலையும் கிடைத்தது. கவிதை உத்தியோகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கோப்புக்காரர்:

பழுப்பேடு ஐயா, 'ஓய்வுநேரம்' என்று தலைப்பு வைத்ததை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் இருபத்தாறு வருடமாக ஒரு அரசு அலுவலகத்தில் இருக்கிறேன். கவிதையும் எழுதுகிறேன். மேலதிகாரி கேட்டால் "சும்மா பொழுதுபோக்கு சார்" என்றுதான் சொல்வேன். ஒரு முறை என் கவிதை ஒரு பத்திரிகையில் வந்ததைப் பார்த்துவிட்டு, "வேலை கம்மியா இருக்கு போல" என்று சொல்லி மூன்று பேர் பார்த்த பதிவேட்டை என் மேசைக்கு மாற்றிவிட்டார் ஒருவர். அன்றிலிருந்து புனைபெயர். இளவரசரிடம் வேலை பார்க்கிறவர் தன் கவிதையைக் களைப்பூ என்று சொன்னதை நான் அப்படித்தான் படிக்கிறேன். அடக்கம் கொஞ்சம், தற்காப்பு நிறைய.

அவர் வேலை எப்படிப்பட்டது என்பதையும் யாராவது சொல்லுங்கள். செயலர் என்றால் கடிதம் எழுதுகிறவர் மட்டும்தானா?

செங்கால்நாரை:

கோப்புக்காரர் அண்ணா, உங்கள் பதிவு இந்த இழைக்கு மிகவும் வேண்டியது. நன்றி.

வேலை என்றால் சாதாரண வேலை இல்லை. அன்று நெதர்லாந்து ஸ்பெயினோடு எண்பது வருடப் போரில் இருந்தது. ஒவ்வொரு கோடையிலும் இளவரசர் படையோடு கிளம்புவார், செயலரும் கூடவே போவார். 1629-ல் டென் போஸ், 1632-ல் மாஸ்ட்ரிக்ட், 1637-ல் பிரெடா என்று ஒவ்வொன்றும் பெரிய முற்றுகை. வருகிற கடிதங்களைப் படித்து, சுருக்கிச் சொல்லி, பதில் எழுதி, பிடிபட்ட பகைவர் கடிதங்களின் சங்கேதத்தை உடைத்து, பட்டம் பதவி கேட்டு வருகிறவர்களுக்கு முகம் கொடுத்து... எல்லாம் அவர்தான். பிற்காலத்தில் அச்சான அவர் கடிதத் தொகுப்பு ஆறு பெரிய தொகுதிகள். ஏழாயிரத்துக்கும் மேல் கடிதங்கள்.

கலை விஷயங்களும் அவர் கையில்தான். ஓவியர் ரெம்ப்ராண்ட்டின் கையெழுத்தில் நமக்குக் கிடைத்திருப்பது ஏழே ஏழு கடிதங்கள். ஏழும் ஹைகன்ஸுக்கு எழுதியவை. இளவரசருக்காக வரைந்த கிறிஸ்துவின் பாடுகள் வரிசை, அதற்கான பணம், தாமதம், இதுதான் விஷயம். ஒன்றில், அன்பளிப்பாக அனுப்பும் படத்தை நல்ல வெளிச்சத்தில், தள்ளி நின்று பார்க்கும்படி மாட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். ஆனால் அதற்குச் சில வருடம் முன்பே, 1630-ஐ ஒட்டி, ரெம்ப்ராண்ட் லெய்டனில் மீசை முளைக்காத பையனாக இருந்தபோதே, 'இந்த மாவு மில்காரர் மகன்' என்று பெயர் குறித்துப் பாராட்டி லத்தீனில் எழுதி வைத்துவிட்டார் ஹைகன்ஸ். வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுக்கும் யூதாஸ் படத்தைப் பார்த்துவிட்டு எழுதியது. அந்தக் குறிப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் அச்சுக்கு வந்தது.

லண்டன் நேஷனல் கேலரியில் தாமஸ் தெ கெய்சர் 1627-ல் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. சின்னப் படம்தான். தொப்பியும் மேலங்கியுமாக ஹைகன்ஸ் மேசையருகே உட்கார்ந்திருக்கிறார். பணியாள் ஒருவன் வந்து நிற்கிறான், கையில் ஒரு கடிதம். மேசையில் புத்தகமும் காகிதமும், நீளக் கழுத்துள்ள லூட் ஒன்று, பக்கத்தில் பூகோள உருண்டைகள். கடிதம் வந்ததும் லூட் அப்படியே கிடக்கிறது. எனக்கு அவர் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு படத்தில் இருப்பது போலத் தோன்றும்.

இயற்பியல் டீச்சர்:

இவ்வளவு நாள் மகனுடைய அலைமுகப்பு வரைபடத்தைத்தான் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, இனி சொல்வேன்.

ஒரு கேள்வி. மனைவி, குடும்பம்? கிறிஸ்டியான் சின்ன வயதில் தாயை இழந்தவர் என்று மட்டும் தெரியும்.

டச்சுக்கரையான்:

டீச்சருக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே ஹேக்குக்குப் பக்கத்தில் முப்பது வருடமாக இருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஹைகன்ஸ் பாடம் வந்தது, அவர்களோடு உட்கார்ந்து நானும் படித்தேன். பழைய டச்சு கடினம்தான், ஆனாலும் விடவில்லை.

மனைவி பெயர் சுசன்னா வான் பார்லே. 1627-ல் கல்யாணம். அவர் அவளுக்கு வைத்த செல்லப் பெயர் 'ஸ்டெர்ர', நட்சத்திரம். நாலு பையன்கள்: கான்ஸ்டன்டைன், கிறிஸ்டியான், லோடவெய்க், பிலிப்ஸ். 1637 மார்ச்சில் ஐந்தாவதாகப் பெண் குழந்தை, அதற்கும் சுசன்னா என்றே பெயர். இரண்டு மாதத்தில், மே 10 அன்று, தாய் இறந்துவிட்டாள். கிறிஸ்டியானுக்கு அப்போது எட்டு வயது.

அந்த நேரத்தில் ஹேக்கின் நடுவில், இன்றைய மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தை ஒட்டி, அவர்களுக்கு ஒரு பெரிய வீடு கட்டி முடிகிற நிலையில் இருந்தது. கட்டடக் கலைஞர் யாக்கோப் வான் காம்பனோடு சேர்ந்து கணவனும் மனைவியும் பார்த்துப் பார்த்துத் திட்டம் போட்ட வீடு. குடிபோனபோது அவள் இல்லை. அந்த வீட்டை 1876-ல் இடித்துவிட்டார்கள்.

அவளோடு பேசுவது போல 'தாக்வெர்க்' என்று ஒரு நெடுங்கவிதை எழுதிக்கொண்டு வந்தார். 'அன்றாட வேலை' என்று சொல்லலாம். காலையில் எழுவது முதல் நாள் முழுக்க ஒரு குடும்பம் எப்படி நடக்கிறது என்று. ஆள் போனதும் கவிதை அங்கேயே நின்றுவிட்டது. பிறகு அதை முடிக்காமலே அச்சிட்டார், இரண்டாயிரம் வரிகளுக்கு மேல். அவர் மறுமணம் செய்துகொள்ளவே இல்லை. ஐம்பது வருடம்.

பழுப்பேடு:

இது எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். மே மாதம் மனைவி இறக்கிறாள். ஜூலையில் பிரெடா முற்றுகை தொடங்குகிறது. போனாரா?

டச்சுக்கரையான்:

போனார். அக்டோபரில் பிரெடா விழும்வரை கடிதமும் உத்தரவுமாக வேலை ஓடியது. வீட்டையும் பிள்ளைகளையும் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் பார்த்துக்கொண்டார்.

அடுத்த ஜனவரியில், 1638 ஜனவரி 24 தேதியிட்டு, பதினாலு வரியில் ஒரு சானட் எழுதினார். இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கவிதை. முதல் நாலு வரியை என்னால் முடிந்த தமிழில் தருகிறேன். அழகுபடுத்தவில்லை, உள்ளதை உள்ளபடி:

கனவு காண்கிறேனா, இது இரவா, இல்லை என் விண்மீன் மறைந்துவிட்டதா?
விழித்துத்தான் இருக்கிறேன், உச்சிப் பகல், என் விண்மீனைக் காணவில்லை.
அவள் முகத்தை எனக்கு மறுக்கும் வானங்களே,
மனிதர் மொழியில் பேசுங்கள்: எங்கே போனாள் என் விண்மீன்?

இரண்டாவது வரியைப் பாருங்கள். பகலில் நட்சத்திரம் தெரியாது, அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இவர் அதையே கையில் எடுத்துக்கொண்டு, பகல் வந்துவிட்டது, அதனால்தான் காணவில்லை என்று தன்னைச் சமாதானப்படுத்தவும் முடியாமல் நிற்கிறார். இரவென்றால் கனவு என்று சொல்லிக்கொள்ளலாம். பகல் என்பதால் அதற்கும் வழியில்லை.

பின்பாதியில் சாவைக் கூப்பிடுகிறார். அங்கே ஒரு சிலேடை வைத்திருக்கிறார். 'கோர்ட்ஸ்' என்றால் விரைவில். 'கோர்ட்சன்' என்றால் காய்ச்சல்கள். "சாவே வா, இந்தக் காய்ச்சல்களிலிருந்து விரைவில் என்னை விடுவி" என்னும் ஒரே வரியில் இரண்டு சொல்லும் மோதும். அழுதுகொண்டிருக்கிற மனிதன் சிலேடை செய்வானா என்று இங்கே ஒரு ஆசிரியரிடம் கேட்டேன். "அவருக்கு அழத் தெரிந்த மொழி அதுதான்" என்றார்.

செங்கால்நாரை:

கரையான் அண்ணா, அந்த ஆசிரியர் சொன்னது சத்தியம். ஹைகன்ஸ் எழுத்து எப்போதுமே முறுக்கிய கயிறு மாதிரி. லண்டனில் இருந்தபோது ஆங்கிலக் கவிஞர் ஜான் டன்னை அறிந்தவர், பிறகு அவருடைய பத்தொன்பது கவிதைகளை டச்சுக்குக் கொண்டுவந்தார். நாட்டின் பெரும் கவிஞர் வொண்டல் அதைப் படித்துவிட்டு, இந்த ஆங்கிலேயனின் இருட்டு எங்களுக்கு வேண்டாம் என்று கிண்டலாகக் கவிதையே எழுதினார். ஆனால் ஹைகன்ஸுக்கு அந்த இருட்டு பிடித்திருந்தது. சொல்லுக்குள் சொல்லை அடைப்பது அவருக்கு மூச்சு விடுவது போல.

கோப்புக்காரர் அண்ணா, பிரெடா கேள்விக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

கோப்புக்காரர்:

என் அம்மா இறந்த பதினாறாம் நாள் முடிந்து மறுநாள் அலுவலகம் போனேன். மேசையில் குவிந்து கிடந்தது. அன்று சாயங்காலம்வரை குனிந்த தலை நிமிரவில்லை. துக்கம் இல்லாததால் இல்லை. கோப்பில் அடுத்து என்ன எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது, அது ஒன்றுதான் தெரிந்திருந்தது. பாட்டு வர ரொம்ப நாள் ஆயிற்று. எட்டு மாதம் கழித்து ஜனவரித் தேதி என்று படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பழுப்பேடு:

ஐயா, கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் 'திரும்பினார்' என்ற சொல்லை இன்னும் முழுதாக விடமாட்டேன். ஹோஃப்வெய்க் இருக்கிறதே. அரசவையை விட்டு ஒதுங்குவதற்கென்றே ஒரு தோட்ட வீடு கட்டியவர்தானே?

அவர் காலத்து யாக்கோப் காட்ஸையும் பாருங்கள். 1636 முதல் 1651 வரை ஹாலந்தின் தலைமை அமைச்சர் போன்ற பதவியில் இருந்தார், அவரும் கவிஞர். பைபிளுக்குப் பக்கத்தில் அவர் புத்தகம் இல்லாத வீடு இல்லை என்பார்கள். பதவியை விட்ட நாளில் சபையிலேயே முழந்தாளிட்டுக் கடவுளுக்கு நன்றி சொன்னார். மணல்மேட்டில் ஸோர்க்ஃப்லீட் என்ற வீட்டில் உட்கார்ந்து முதுமையைப் பற்றி எழுதினார். இவரைத் தாராளமாகத் திரும்பியவர் என்று சொல்லலாம் இல்லையா?

செங்கால்நாரை:

காட்ஸைக்கூட அப்படிச் சொல்ல முடியாது. அவருடைய பேர்பெற்ற புத்தகங்கள் எல்லாம் 1618-லிருந்து 1637-க்குள் வந்துவிட்டன, வழக்கறிஞராகவும் நகர அதிகாரியாகவும் இருந்தபோதே. பதவி விட்ட கையோடு, எழுபத்து நாலு வயதில், லண்டனுக்குத் தூது போகவும் சொன்னார்கள். போனார். பலிக்கவில்லை, இங்கிலாந்தோடு போர் வந்தது. அப்புறம்தான் அந்த வீட்டில் நிம்மதி. இன்று அது 'காட்ஸ்ஹவுஸ்', நெதர்லாந்துப் பிரதமரின் அதிகாரபூர்வ இல்லம். ஒதுங்கக் கட்டிய வீட்டுக்கே அரசாங்கம் வந்து சேர்ந்துவிட்டது.

ஹோஃப்வெய்க் பற்றிக் கரையான் அண்ணாதான் சொல்ல வேண்டும். நேரில் பார்த்தவர்.

டச்சுக்கரையான்:

நாலைந்து முறை போயிருக்கிறேன். ஹேக்கிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம். வோர்பர்க் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே. ஃப்லீட் கால்வாய்க் கரை, நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் சதுரமாக ஒரு செங்கல் வீடு. பாலத்தைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். பெரிய மாளிகை என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். அடக்கமான வீடு. 1642-ல் கட்டி முடித்தார்.

'ஹோஃப்' என்றால் அரசவை, தோட்டம் என்று இரண்டும். 'வெய்க்' என்றால் விலகிப் போ. அரசவையை விட்டு விலகு, தோட்டத்துக்குள் ஒதுங்கு, இரண்டும் ஒரே பெயரில். இங்கேயும் சிலேடைதான். தோட்டம் முழுவதையும் மனித உடம்பின் அளவில் வகுத்திருக்கிறார். வீடுதான் தலை. கீழே போகப் போக மார்பு, இடுப்பு, கால்கள். அதைச் சுற்றிக் காட்டுவது போல அதே பெயரில் நெடுங்கவிதை, 2,800 வரிகளுக்கு மேல். நூறு வருடம் கழித்து இந்த மரங்கள் இருக்குமோ என்னவோ, கவிதை இருக்கும் என்று நினைத்து எழுதியது போல ஒவ்வொரு மரவரிசையையும் சொல்லிப் போவார். அப்படியே ஆயிற்று. உடம்பின் கீழ்ப்பகுதி மேல் இன்று ரயில் பாதை ஓடுகிறது. வீட்டு ஜன்னலில் நின்றால் ரயில் சத்தம் கேட்கும்.

ஆனால் பழுப்பேடு அண்ணா, அவர் அங்கே ஒதுங்கி உட்கார்ந்துவிடவில்லை. ஓய்வு கிடைக்கிற நாட்களில் போவார், கடிதம் வந்தால் திரும்புவார். 1661-ல், அறுபத்தைந்து வயதில், பிரான்ஸ் போனார். இளவரசர் குடும்பத்துக்குச் சொந்தமான ஆரஞ்சு என்ற குட்டி நாட்டைப் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி பிடித்து வைத்திருந்தார். நாலு வருடம் அலைந்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

அப்புறம் ஒரு விஷயம். ஹேக்கிலிருந்து ஸ்கெவெனிங்கன் கடற்கரைக்கு மணலில் கால் புதையப் புதையத்தான் நடக்க வேண்டியிருந்தது. 1653-லேயே செங்கல் பாவிய நேர்ச்சாலை போடலாம் என்று ஹைகன்ஸ் திட்டம் எழுதிக் கொடுத்தார். பத்து வருடத்துக்கு மேல் கிடப்பில் கிடந்தது. கடைசியில் 1665-ல் சாலை வந்துவிட்டது. அவர் அதற்கும் ஒரு கவிதை எழுதினார், 1667-ல். வேலைநாட்களில் இன்றும் அந்தச் சாலையில்தான் டிராமில் போகிறேன். அரசு வேலை எது, கவிதை எது என்று அந்த இடத்தில் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

பழுப்பேடு:

சரி, ஒப்புக்கொள்கிறேன். திட்ட அறிக்கை எழுதிய கையே சாலைக்குக் கவிதையும் எழுதியது என்றால், திரும்பினார் என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. களைப்பூ விஷயத்திலும் கோப்புக்காரர் ஐயா பக்கம்தான் நிற்கிறேன்.

இயற்பியல் டீச்சர்:

கரையான் அண்ணா, சானட்டின் கடைசி வரி என்ன? முதல் நாலு வரியைப் படித்ததிலிருந்து மனசு அங்கேயே இருக்கிறது.

இன்னொன்று, 'விண்மீன்' என்பதற்குப் பதில் 'தாரகை' என்று போட்டால் என்ன? செல்லப் பெயர் என்கிறீர்கள். விண்மீன் என்று யாரும் மனைவியைக் கூப்பிட மாட்டார்கள். தாரகை பெண் பெயரும்கூட. பக்கத்திலேயே 'தாரம்' என்ற சொல்லும் நிற்கிறது.

டச்சுக்கரையான்:

டீச்சர், இதைத்தான் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். தாரகை, தாரம். அவரே தமிழில் எழுதியிருந்தால் இந்தச் சொல்லை விட்டிருக்க மாட்டார்.

கடைசி இரண்டு வரியில், நித்திய ஒளியில் எல்லாவற்றையும் ஒன்றாக மிதக்கக் காண ஏங்குகிறேன் என்று சொல்லிவிட்டு அடுக்குகிறார். 'லீஃப்' என்றால் அன்பு, 'லெய்ஃப்' என்றால் உடல், அடுத்தடுத்து வரும். கவிதையின் கடைசிச் சொல் 'மெய்', அதாவது 'என்னை'. முதலில் நான் 'நானும்' என்று முடித்திருந்தேன். அது தப்பு. ஆறையும் அவர் வெளியே நின்று பார்க்க ஏங்குகிறார், தன்னையும் சேர்த்து. அதனால் இப்படி மாற்றியிருக்கிறேன்:

நித்திய ஒளியில் ஒன்றாக மிதக்கக் காண ஏங்குகிறேன்
என் மீட்பை, என் அன்பை, என் உடலை, என் கடவுளை, என் தாரகையை, என்னை.